குதிகாலில் மை தடவினீர்கள், ரத்தம் எடுக்கவில்லை: ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குத் திறந்த மடல்

என் மகள் பிறந்த மருத்துவமனையின் நிர்வாகத்தினருக்கும் குழந்தைகள் பிரிவு மருத்துவர்களுக்கும்,

நான் எழுதிய புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் என் மேசையில் இருக்கிறது. நாலே வரி. “குதிகால் ரத்தப் பரிசோதனை கட்டாயமில்லை. பெற்றோரிடம் போதிய வரவேற்பு இல்லாததால் பிரசவ பேக்கேஜிலிருந்து அது நீக்கப்பட்டது. பெற்றோர் கேட்டால் செய்து தரப்படும். தங்கள் ஆலோசனைக்கு நன்றி.” இந்த நாலு வரியை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் மருத்துவமனையின் பெயரை இதில் நான் எழுதவில்லை. இதே பேக்கேஜும் இதே பதிலும் இன்னும் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. அங்கே பிள்ளை பெறப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் உங்கள் இரண்டாம் மாடி வார்டில் என் மகள் பிறந்தாள். 3 கிலோ 200 கிராம். சிசேரியன் என்பதால் ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். அன்று காலை ஒரு சிஸ்டர் வந்து குழந்தையின் இரண்டு பாதங்களிலும் நீல மை தடவி, தங்க நிற ஓரம் போட்ட அட்டையில் பதித்து எடுத்தார். ஈரத்துணி வைத்துத் துடைத்தும் குதிகால் மடிப்பில் இருந்த மை போகவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்த பிறகுதான் போனது. கேக் வெட்டினோம், உங்கள் ஊழியர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். எல்லோரும் எங்களிடம் பிரியமாகத்தான் நடந்துகொண்டார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நாளில், மை தடவிய அதே குதிகாலில் ஒரு சின்னக் குத்து குத்தி, நாலைந்து சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் தொட்டு அனுப்பியிருந்தால், அவளுக்குக் கழுத்தில் தைராய்டு சுரப்பியே இல்லை என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்தபோது அவளுக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தைப் பதினோரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறேன். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் கெண்டல், 1914. அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தவர்கள் ஹாரிங்டனும் பார்ஜரும், 1927. இரண்டுமே ஒரு மதிப்பெண் கேள்விகள். குழந்தைகளுக்குத் தைராக்சின் குறைந்தால் வரும் அறிகுறிகள் இரண்டு மதிப்பெண். கரும்பலகையில் எழுதிப் போட்டு, அடிக்கோடு இடச் சொல்லி, பரீட்சையில் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே, அந்த அறிகுறிகள் என் மடியில் கிடந்தபோது அடையாளம் தெரியவில்லை. பாடத்தில் இருப்பதெல்லாம் காலம் கடந்து வெளியே தெரிகிறவை. முப்பது நாள் குழந்தையிடம் அது எப்படி இருக்கும் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

அவள் அழமாட்டாள். “பாப்பா படு சமத்துங்க, ராத்திரியெல்லாம் எந்திரிக்கிறதே இல்லை” என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். பாலுக்கு நாங்கள்தான் எழுப்புவோம். உள்ளங்காலைச் சுண்டி, காதுமடலை வருடி எழுப்பினால் நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிப்போவாள். எப்போதாவது அழுதால் சளி கட்டினதுபோல் கரகரவென்று ஒரு குரல். மலம் நாலு நாளைக்கு ஒரு தரம்தான், அதுவும் முக்கி முக்கி. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது சகஜம் என்றார்கள். தொப்புள் பிதுங்கியிருந்தது, காசு வைத்துக் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். கைகால் எந்நேரமும் சில்லென்று இருந்தது, கம்பளியில் சுற்றி வைத்தோம். நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே தெரியும். பால் தேடுகிறாள் என்று சிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆளில்லை.

சேர்த்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். மூன்றாம் நாள் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து விளக்கு வைத்தீர்கள். மூன்றாவது வாரம் ரிவியூவுக்குத் தூக்கி வந்தபோதும் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. “தாய்ப்பால் காமாலைதான், காலை வெயிலில் காட்டுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காமாலை நீடித்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த ஓ.பி. சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எடை எழுதியிருக்கிறது, வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருக்கிறது. டி.எஸ்.எச். என்ற மூன்று எழுத்து அதில் இல்லை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அது, தைராய்டு வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் அதன் அளவு எகிறும்.

கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியர். பதினாலாவது வாரத் தடுப்பூசி சளி காய்ச்சலால் தள்ளிப்போய், நாலு மாதம் முடிந்த வாரத்தில்தான் போட முடிந்தது. ஊசியைக் கையில் எடுத்தவர் குழந்தை முகத்தைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். “டீச்சர், பாப்பா நாக்கு எப்பவும் இப்படி வெளியேதான் இருக்கா? வீட்டுல யாருக்காச்சும் தைராய்டு இருக்கா? நாளைக்கே ரத்தம் பாத்துருங்க.” மறுநாள் பார்த்தோம். டி.எஸ்.எச். 100-க்கு மேல். கருவி அளக்கக்கூடிய எல்லையே அவ்வளவுதான் என்றார் லேப் டெக்னீஷியன். ஸ்கேனில் சுரப்பி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அன்று மாலையே மாத்திரை தொடங்கினோம். 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின், அதாவது மாத்திரை வடிவில் தைராக்சின். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, பாலாடையில் ஐந்தாறு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து, வெறும் வயிற்றில் புகட்ட வேண்டும். இரும்புச்சத்து மருந்தையும் கால்சியத்தையும் நாலு மணி நேரம் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவள் பசித்து அழுதாள். வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது. பிறந்து நாலு மாதத்துக்குப் பிறகு அவள் தானாகப் பால் கேட்டு அழுத முதல் அழுகை அது. நானும் கூடவே அழுதேன், சந்தோஷத்தினால் இல்லை. இந்த மாத்திரை இரண்டு ரூபாய்கூடப் பெறாது. நாலு மாதம் அவள் மூளை இதற்காகக் காத்துக் கிடந்திருக்கிறது என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஏன் காத்துக் கிடந்தது என்று சொல்கிறேனே. வயிற்றில் இருக்கும்வரை தாயின் தைராக்சின் நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு பிள்ளைக்குப் போய்ச் சேரும். சுரப்பியே இல்லாத குழந்தையும் பிறக்கும்போது மற்ற குழந்தையைப்போலவே இருப்பதற்கு அதுதான் காரணம். இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் பிறந்தபோது பார்வைக்கு நன்றாகவே இருப்பார்கள். தாயிடமிருந்து வந்த கையிருப்பு சில நாளில் தீர்ந்துவிடும். மூளையில் நரம்பணுக்கள் கிளை விட்டு ஒன்றோடொன்று இணைவதும், நரம்பு இழைகளின் மேல் உறை படிவதும் முதல் இரண்டு மூன்று வருடத்தில் மும்முரமாக நடக்கும் வேலை. தைராக்சின் இல்லாமல் அந்த வேலை சரியாக நடக்காது. உயரத்தையும் எடையையும் பிறகு மருந்து கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளலாம். மூளை இழந்த வாரங்களை அப்படி மீட்டுவிட முடியாது. 1972-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 89. ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு 54. நடுவில் தொடங்கியவர்கள் நடுவில் இருந்தார்கள். என் மகள் அந்த நடுவரிசைக்காரி. அந்த ஆய்வை நான் எத்தனை இரவு திரும்பத் திரும்பப் படித்தேன் என்று உங்களிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

1972-ல் இப்படி எண்களை எழுதி வைத்ததோடு உலகம் நின்றுவிடவில்லை. மூன்று மாதத்துக்குள் பிடித்தால் இவ்வளவு மிச்சமாகிறது என்றால் மூன்று வாரத்துக்குள் ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கத்ரி வேறொரு பிறவி நோய்க்காக, குதிகால் ரத்தத்தை வடிதாளில் காயவைத்துத் தபாலில் அனுப்பும் முறையை 1960-களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்திருந்தார். கனடாவில் கியூபெக் நகரத்து மருத்துவர் ழான் துஸ்ஸோ அதே காய்ந்த ரத்தத் துளியில் தைராக்சினை அளக்க வழி கண்டார். 1974-ல் கியூபெக் மாகாணத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பரிசோதனை தொடங்கிவிட்டது. அதற்குப் பின்னால் எவ்வளவு பேரின் உழைப்பு இருக்கிறது! 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி ஆட்டுத் தைராய்டின் சாற்றை, தைராய்டு குறைபாடு இருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் 74 வயதுவரை வாழ்ந்தார். கெண்டல் டன் கணக்கில் பன்றித் தைராய்டுகளைக் கரைத்து வடித்துத்தான் சில பத்து கிராம் தைராக்சின் எடுத்தார். அந்தப் படிகம் முதலில் அவர் கைக்கு வந்த நாள் 1914 டிசம்பர் 25. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். இத்தனை பேர் இத்தனை காலம் பாடுபட்டு, ஒரு சொட்டு ரத்தமும் ஒரு சின்ன மாத்திரையும் போதும் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் அதைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இது அபூர்வ நோய் என்று உங்கள் மேலாளர் போனில் என்னிடம் சொன்னார். மேலைநாட்டுப் புத்தகங்களில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது. நம் நாட்டுக் கணக்கு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி 1,130 குழந்தைகளுக்கு ஒன்று. தென்னிந்தியக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் 727-க்கு ஒன்று. உங்கள் வரவேற்பறைப் பலகையில் மாதம் 150 பிரசவம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் ஆண்டுக்கு 1,800. நம் நாட்டுக் கணக்கின்படி வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு குழந்தைகள் என் மகளைப்போல உங்கள் கதவைத் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் பரிசோதனையை நிறுத்தி ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் குழந்தைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பேச்சு வரவில்லை என்று எந்தக் கோவிலில் நேர்ந்துகொண்டிருக்கிறார்கள்? எந்தப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து “மந்தம்” என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்? ஆசிரியையாகக் கேட்கிறேன். இனி என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது என் மனம் முதலில் அங்கேதான் போகும்.

“கட்டாயமில்லை” என்கிறீர்கள். குழந்தைகளின் பிறவிக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க 2013-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 30 வகைக் குறைபாடுகளின் பட்டியல் இருக்கிறது. பிறவித் தைராய்டு குறைபாடு அதன் கடைசி எண்ணில், “விருப்பத்துக்குரியது” என்ற குறிப்போடு இருக்கிறது. அந்த ஒரு சொல் எத்தனை குழந்தைகளைப் பாதித்திருக்கும் என்று அரசாங்கத்தையும் நான் தனியாகக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை வருடக்கணக்காக நடக்கிறது. கடல் தாண்டினால் இலங்கையிலும் நடக்கிறது. இந்தியக் குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்களின் சங்கம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்த மருத்துவர்கள் உங்களிடம் வேலை செய்கிறார்கள். அரசாங்கம் கட்டாயப்படுத்தித்தான் நீங்கள் குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை செய்கிறீர்களா? அதைப் பேக்கேஜில் வைத்திருக்கிறீர்கள், அதற்காக உங்களைப் பாராட்டவே செய்கிறேன். அதே மனசு இதற்கும் வேண்டும் என்கிறேன்.

உங்கள் பதிலில் எனக்குத் தாங்கவே முடியாதது “பெற்றோர் கேட்டால்” என்பதுதான். பெயரே கேள்விப்படாத ஒன்றை யார் கேட்பார்கள்? இதைப் பாடமாக நடத்துகிற எனக்கே அன்று கேட்கத் தெரியவில்லை. விசைத்தறி ஓட்டுகிற பெண்ணும் கரும்புக் காட்டில் வேலை செய்கிற பெண்ணும், தையல் போட்ட வயிற்றோடு கட்டிலில் படுத்துக்கொண்டு, “டாக்டர், மூன்றாம் நாள் குதிகால் ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்தீர்களா” என்று கேட்கவேண்டுமா? இந்தப் பரிசோதனை என்ன, எதற்கு, எவ்வளவு என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு வரவேற்பு இல்லை என்று எந்தக் கணக்கை வைத்து எழுதினீர்கள்?

இந்தப் புகாரே போன மாதம் என் தங்கையின் பிரசவத்தில் கிளம்பியதுதான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வீட்டுக்குப் பக்கம் என்று உங்களிடமே வந்தாள். மூன்றாம் நாள் காலை நான் பில்லிங் கவுண்டரில் நின்று கேட்டேன். “அது ஆப்ஷனல் மேடம், யாரும் கேக்கறதில்ல, அட்டை ஸ்டாக் இருக்கான்னு பாக்கணும்” என்றார் அங்கிருந்த பெண். அட்டை வெளி லேபிலிருந்து வர மாலை ஆனது. ஒரு இளம் சிஸ்டர் குழந்தையின் காலை வெந்நீர்த் துணியால் ஒற்றிச் சூடேற்றினார். குதிகாலின் ஓரத்தில், நடுவில் படாமல், ஒரே குத்து. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்து ஊறிவந்த சொட்டு தானாகப் பெரிதாகும்வரை பொறுத்திருந்து, அட்டையில் அச்சிட்டிருந்த வட்டத்தில் மெல்லத் தொட்டார். வட்டம் நிறைந்து பின்பக்கமும் ஊறிச் சிவந்தது. இரண்டாவது வட்டம், மூன்றாவது, நாலாவது. குழந்தை குத்தியபோது வீறிட்டு அழுதான். என் தங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதும் நிறுத்திவிட்டான். சிஸ்டர் அட்டையைப் படுக்கை வாட்டில் காயவைத்துவிட்டு, “எனக்கு இதை ட்ரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்தாங்க அக்கா, இங்க வந்து இன்னைக்குத்தான் செய்யறேன்” என்றார். வேலை தெரிந்த கைகளை வைத்துக்கொண்டு சும்மா இருத்தியிருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் முடிவு வந்தது, டி.எஸ்.எச். 4. எதுவும் இல்லை. “எதுவும் இல்லை” என்ற அந்த வார்த்தையைக் கேட்ட நிம்மதிக்கு எந்தத் தாயும் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கமாட்டாள், என்ன ஏது என்று எடுத்துச் சொன்னால்.

உங்கள் மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு என்னிடம் இரண்டு சிரமங்களைச் சொன்னார். அவற்றை நான் ஒதுக்கவில்லை. பிறந்த அரை மணி நேரத்தில் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். எகிறும், இரண்டு மூன்று நாளில்தான் இறங்கும். சுகப்பிரசவமானவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், முன்கூட்டியே எடுத்தால் வீண் பயம் வரும் என்றார். உண்மைதான். அதற்கு வழியும் உங்கள் துறையிலேயே இருக்கிறது. சீக்கிரம் போகிறவர்களுக்குப் பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கலாம், அது எகிறுவதற்கு முன் எடுத்த ரத்தம். முதல் முடிவு கூடுதலாக வந்தால் ரத்தக் குழாயிலிருந்து ஊசியில் எடுத்த ரத்தத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்யலாம். இரண்டு நாள் பயந்திருந்து பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளும் தாயை எனக்குப் புரிகிறது. நாலு மாதம் பயமே இல்லாமல் இருந்த தாய் நான். இரண்டில் எது கொடுமை என்று என்னைக் கேளுங்கள்.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. இரண்டே கால் வயதில் நடந்தாள். மூன்றரை வயதில்தான் இரண்டு சொல் சேர்த்துப் பேசினாள். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு 40 கிலோமீட்டர் போய்வருகிறோம். ‘ழ’ வராது, எண்களை இருபதுக்கு மேல் கோத்துச் சொல்லத் திணறுகிறாள். ஆனால் கோலம் போட உட்கார்ந்தால் புள்ளி ஒன்றுகூடப் பிசகாது. காலையில் எழுந்ததும் அவளே மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள், ஒருநாளும் மறந்ததில்லை. அவளைக் குறைந்தவள் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். பாடத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இருக்கும் பழைய பெயரை இப்போதெல்லாம் வகுப்பில் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, பிறவித் தைராக்சின் குறைபாடு என்றுதான் நடத்துகிறேன். அவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும், எவ்வளவு போய்விட்டது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியோடு நாங்கள் வாழ்ந்துகொள்கிறோம். இன்னொரு வீட்டுக்கு அது வேண்டாம்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இவை.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உங்களிடம் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், 48 மணி நேரத்துக்குப் பின் டிஸ்சார்ஜுக்கு முன் குதிகால் ரத்தம் எடுங்கள். அதற்குமுன் வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தொப்புள்கொடி ரத்தம் எடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். செலவைப் பேக்கேஜிலேயே சேருங்கள், தேவையானால் விலையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்கிற பெற்றோர் இருந்தால், மருத்துவர் நேரில் உட்கார்ந்து தமிழில் விளக்கிய பிறகு அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும்.

ரத்தம் எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. முடிவு வந்ததா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். முடிவைத் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். கூடுதலாக வந்தால் அன்றைக்கே போன் செய்து அழையுங்கள், போன் எடுக்காவிட்டால் அந்த ஊர் சுகாதார செவிலியருக்குத் தகவல் சொல்லுங்கள். உறுதியான பின் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்குங்கள். பிறந்த இரண்டு வாரத்துக்குள் முதல் மாத்திரை வாயில் போயிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சளாக இருக்கிற எந்தக் குழந்தையையும் டி.எஸ்.எச். பார்க்காமல் வெயிலில் காட்டச் சொல்லி அனுப்பாதீர்கள். இதை உங்கள் ஓ.பி. அறைகளில் எழுதி ஒட்டுங்கள்.

பரிசோதனையை நிறுத்திய நாளிலிருந்து உங்களிடம் பிறந்த குழந்தைகளின் பதிவேடு உங்களிடம் இருக்கிறது, எல்லோருடைய போன் எண்ணும் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி அந்த எண்களுக்குத்தான் வருடா வருடம் வருகிறது. அதே எண்களுக்கு, உங்கள் செலவில் ஒரு தைராய்டு பரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்புங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்களுக்கு இன்னும் மிச்சப்படுத்த நேரம் இருக்கிறது.

இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வந்தால் அதையும் இதேபோல் எல்லோரும் பார்க்கும்படி வைப்பேன். வராவிட்டால் இந்த மடலும் அந்த ஓ.பி. சீட்டும் மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கும் மருத்துவ கவுன்சிலுக்கும் போகும்.

உங்கள் மருத்துவமனையில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடக்கிறது. எனக்கு அன்று பள்ளி விடுமுறை. கால் மணி நேரம் ஒதுக்கினால் நான் வந்து, அந்த வடிதாள் அட்டையைக் கையில் வைத்துக் காட்டி, அவர்களுக்குப் புரிகிறபடி சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாம் மாடி வார்டில் பிறந்த குழந்தையின் தாய்